ஃபோர்ட் ஹூட்டுக்கு வரப்போகும் தங்கச்சிக்கு

கில்லீன், டெக்சாஸ்

அன்புத் தங்கச்சிக்கு,

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு இங்கே ஃபோர்ட் ஹூட் முகாமுக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டதாக அம்மா சொன்னார்கள். பெட்டியில் எதை வைப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருப்பாய். அது அப்புறம். முதலில் உன் காகிதங்களில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்.

பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், கல்யாணச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. இப்படி இருந்தாலும் நம் ஊரில் காலம் ஓடிவிடும், இங்கே ஓடாது. சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் உன் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, முதல் பெயருக்கு ‘எஃப்என்யு’ என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் அதுவே தொற்றிக்கொண்டு வரும். விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிவிடு. கல்யாணத்தைப் பதிவு செய்த சான்றிதழ் கட்டாயம் வேண்டும். பத்திரிகையும் ஆல்பமும் அதற்கு ஈடாகாது. தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கே எல்லாம் ‘டீர்ஸ்’ என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில்தான் தொங்குகிறது. மாப்பிள்ளை உன்னை அதில் சேர்த்தால்தான் ஐடி கார்டு, டிரைகேர் மருத்துவக் காப்பீடு, கமிசரி என்ற முகாம் கடையில் மளிகை எல்லாம். ஃபோர்ட் ஹூட்டில் கோப்லாண்ட் சென்டரில் சேர்ப்பார்கள். கல்யாண, பிறப்புச் சான்றிதழ்களின் அசல், பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி அட்டை கையில் இருக்கட்டும். மாப்பிள்ளை நேரில் வர முடியாவிட்டால் சேர்க்கை விண்ணப்பமான 1172-2 படிவத்தில் அவர் முறைப்படி கையெழுத்திட்டுத் தந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஃபீல்டுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆளே கிடைக்கமாட்டார், பலர் தவிப்பது இந்த இடத்தில்தான்.

அதனால் அவர் கிளம்பும் முன்பே உன் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்கொள். முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் காசில்லாமல் செய்து தருவார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொது பவர் போதும் என்று நினைக்காதே, வங்கிகள் பலவும் அதை ஏற்பதில்லை. வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, சாமான் பெற்றுக்கொள்ள ஒன்று என்று தனித்தனியாக வாங்கு.

சாமான் விஷயம். மாப்பிள்ளை ஸ்பெஷலிஸ்ட் பதவியில் இருக்கிறார், நீ சேர்ந்தபின் 8,000 பவுண்டு வரை ராணுவச் செலவில் ஏற்றலாம், கூடினால் கைக்காசு. கட்டுபவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் எண் ஒட்டி, பட்டியலில் பொருளின் நிலையைச் சுருக்கெழுத்தில் குறிப்பார்கள். ‘எஸ்சி’ என்றால் கீறல், ‘பிஆர்’ உடைந்தது, ‘சிஎச்’ விளிம்பு பெயர்ந்தது. பக்கத்தில் 10 என்று இருந்தால் மேல்பக்கம், 3 என்றால் மூலை. புது மேஜைக்கு ‘எஸ்சி 10’ என்று எழுதிவிட்டால், பிறகு வழியில் கீறல் விழுந்தாலும் பழைய கீறல் என்று கைவிரித்துவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் குறிப்புப் பகுதியில் மறுப்பை எழுதச் சொல். இறக்கும் நாளில் நீ வாசலில் நின்று எண்களை ஒவ்வொன்றாக டிக் செய். பெட்டிக்குள் உடைந்தது பிறகு தெரிந்தாலும் 180 நாளுக்குள் தெரிவித்து, 9 மாதத்துக்குள் இழப்பீடு கேட்டால் புதுப்பொருளின் மதிப்பு கிடைக்கும். நகை, மருந்து, சான்றிதழ் எதுவும் லாரியில் ஏறக்கூடாது.

அங்கிருந்து கிரைண்டர் கொண்டுவர ஆசைப்பட்டால் 110 வோல்ட் மாடல்தானா என்று கேட்டு வாங்கு, கோயம்புத்தூரில் செய்கிறார்கள். நம் வீட்டு 230 வோல்ட் கிரைண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், இங்கே மின்சாரம் 50க்குப் பதில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் சுற்றும் வேகம் மாறிவிடும். குழவிக்கல்லைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்று. பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் அடிக்கல்லில் மோதி விளிம்பு பெயரும்.

முகாமுக்கு வெளியே வாடகைக்கு வீடு எடுத்தால் ஒப்பந்தத்தை அதே சட்ட உதவி அலுவலகத்தில் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மறுபடி மாற்றல் வந்தால் ஆர்டர் நகலோடு எழுத்தில் தெரிவித்து, அபராதம் இல்லாமல் வீட்டை விட சட்டத்தில் இடமுண்டு. அடுத்த வாடகை நாளிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும்.

பழைய காகிதங்களில் ‘ஃபோர்ட் கவாசோஸ்’ என்று பார்த்தால் குழம்பாதே, இதே இடம்தான். 2023-இல் அந்தப் பெயர் வைத்தார்கள், 2025-இல் மறுபடி ஹூட் ஆனது. காலையில் சிப்பாய்கள் கூட்டமாக ஓடும் சாலைகளில் காரை மணிக்கு 10 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. மாலை 5 மணிக்கு பியூகிள் ஒலித்தால் கொடி இறங்குகிறது. காரில் இருந்தால் ஓரமாக நிறுத்து, நடந்தால் கொடியின் பக்கம் திரும்பி அசையாமல் நில். பிள்ளைகள்கூட விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்கள். கமிசரியில் சாமானைப் பையில் போட்டுத் தருபவர்களுக்குச் சம்பளம் கிடையாது, டிப்ஸ் மட்டும்தான். கையில் சில்லறை நோட்டு வைத்துக்கொள். உளுந்துக்கும் நல்லெண்ணெய்க்கும் ஆஸ்டின் பக்கம் போகவேண்டும், சுமார் 70 மைல்.

பாஸ்போர்ட் முதல் பக்கம், கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா