மெசேஜ் வந்ததா, கண்ணு?

நாகலூர், ஏற்காடு
20.01.2025

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நிவாரணப் பணம் பேங்கில் ஏறினால் உன் நம்பருக்குத்தான் மெசேஜ் வரும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். போன் போட்டால் ரிங் போகிறது. வேலை நேரமாக இருக்கும். நம்பரை மட்டும் மாற்றிவிடாதே.

மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று டிசம்பர் புயல் மழைக்கு அரசு அறிவித்ததல்லவா. நம் கோழி ஏழு போனது. சாக்கில் எடுத்துவை, கணக்கு காட்டலாம் என்றார் கீழ்வீட்டுப் பெரியப்பா. அதற்குள் அம்மா குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். செவலைக்கு மட்டும் எல்லாம் முறையாக நடந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததால் டாக்டர் வந்துசேர இரண்டு நாளானது. வயிறு உப்பிவிட்டது. அம்மா தன் பழைய சேலையை அதன் முகத்தில் போட்டு மூடியிருந்தாள். காதிலிருந்த மஞ்சள் வில்லையின் 12 இலக்கமும் தெரியவேண்டும் என்று சேலையை விலக்கி போட்டோ எடுத்தார்கள். வில்லையில் ஒட்டியிருந்த சேற்றை எச்சில் தொட்டு நான்தான் துடைத்தேன். பிரிண்ட் போட உனக்குப் பக்கத்து வீட்டுப் பையன் அனுப்பினானே, அந்தப் போட்டோதான்.

வி.ஏ.ஓ. ஆபீஸில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். திருப்பூரில் சூப்பர்வைசர், அவன் முதல் போனஸில் வாங்கிய மாடு என்றேன். நாற்காலி போட்டார்கள். அந்தச் சூப்பர்வைசருக்கு மாட்டுப் பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை. சரி, போகட்டும். கன்றுக்கு இன்னும் கொம்பே முளைக்கவில்லை, பெயிண்டை எங்கே அடிப்பது? அம்மா நெற்றியில் மஞ்சள் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கவுண்டில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார். நம்பரை மாற்றாதே.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாய். கழுத்தில் கயிறு இருக்கிறது. அன்று ராத்திரி "அவுத்து உட்டியாப்பா" என்று கேட்டாய், விட்டுவிட்டேன் என்றேன். விடவில்லை. கன்றைத் தேடித் திரும்பி வந்து மாட்டிக்கொண்டது என்று அப்புறம் சொன்னதும் பொய். ஐப்பசியில் அது எஸ்டேட்டுக்குள் போய்க் காப்பி நாற்றை மிதித்ததற்கு, கூலிக்கு வந்த பெண்கள் முன்னால் என்னை நிற்கவைத்துப் பேசினார்கள். உனக்குச் சொல்லவில்லை. அவிழ்த்துவிட்டால் மறுபடி அங்கேதான் போகும் என்று தோன்றியது. மழை விடட்டும் என்று படுத்துவிட்டேன். சுவர் விழுந்த சத்தத்தை இடி என்றே நினைத்தேன், கண்ணு. விடிந்துதான் எழுந்தேன்.

அப்ளிகேஷனில் கொட்டகைச் சுவர் இடிந்து இறந்தது என்று எழுதியிருக்கிறது. அது பொய் இல்லை. கயிற்றைப் பற்றி அதில் யாரும் கேட்கவில்லை.

கன்றைக் கட்டுவதில்லை. நேற்று முருங்கைக் கன்றைக் கடித்து வைத்தது, அம்மா என்னைத்தான் திட்டினாள்.

பணம் ஏறியிருந்தால் நீயே வைத்துக்கொள், மாடு உன்னுடையது. ஏறவில்லை என்றாலும் சொல். என் போனில் டவர் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போடு. ஆறு மணிக்கு மேல் அவர்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா