கலைக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டம்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தன்னாட்சிக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தகவல் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் தொடங்கும் முன்மொழிவு உங்களில் சிலரிடம் பரிசீலனையில் இருக்கிறது. முன்பே தொடங்கிய கல்லூரிகளில் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை நடக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. மென்பொருள் துறையில் வேலை செய்யும் நான் அந்த வகையில் சில கல்லூரிக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறேன். "இப்போது கம்பெனிகளில் எந்த லாங்வேஜ் சார் ஓடுகிறது? அதையே வைத்துவிடலாம்" என்பதுதான் அங்கே என்னிடம் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி. நான் சொல்லும் பதில் கூட்டக் குறிப்பில் ஏறுவதில்லை. ஆகவே இந்த மடல்.

ஒரு பொறியியல் கல்லூரியின் பி.டெக். பாடத்திட்டத்தை எடுத்து, கணிதத்தைக் கழித்து, மின்னணுவியலை நீக்கி, மிச்சத்தை ஆறு பருவங்களுக்குள் அடக்குவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பிறக்கும் பட்டம் எந்நாளும் பாதி பி.டெக். ஆகவே இருக்கும், முழு பி.டெக். கிடைக்கும் ஊரில் அதற்கு மதிப்பு எங்கிருந்து வரும்? தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல், உளவியல், புள்ளியியல் என்று பொறியியல் கல்லூரியில் தேடினாலும் கிடைக்காத துறைகள் உங்கள் வளாகத்திலேயே இருக்க, அவற்றில் ஒன்றின் நிழல்கூடப் படாமல் ஒரு மாணவர் மூன்றாண்டு தகவல் தொழில்நுட்பம் படித்து வெளியேற முடிகிறது என்பதே என் முதல் ஆட்சேபம்.

ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம் முதலிய பன்னாட்டுக் கணினித் துறை அமைப்புகள் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை, கணினிக் கல்வியை ஐந்து துறைகளாகப் பிரித்தது. கணினி அறிவியல் அவற்றுள் ஒன்று, தகவல் தொழில்நுட்பம் வேறொன்று. ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மனிதர்களுக்கு எது தேவை என்று கண்டறிந்து, அதற்கேற்ற கருவிகளைத் தேர்ந்து, பொருத்தி, பாதுகாத்து, பராமரிப்பதே தகவல் தொழில்நுட்பத்தின் வேலை. 2008-ஆம் ஆண்டின் மாதிரிப் பாடத்திட்டம் அதற்கு நிரலாக்கம், வலையமைப்பு, தரவுத்தளம், இணைய முறைமைகள், மனிதர்–கணினி ஊடாட்டம் (பயன்படுத்துபவருக்கு ஏற்றபடி கணினியை வடிவமைப்பது) என ஐந்து தூண்களை நிறுத்தியது. நான் பார்த்த பாடத்திட்டங்களில் முதல் நான்கும் தவறாமல் வருகின்றன. ஐந்தாவது, இருந்தால், விருப்பப் பாடமாக ஒரு மூலையில் இருக்கிறது. ஒரு கலைக் கல்லூரி மற்றவர்களைவிடச் சிறப்பாகக் கற்பிக்கக்கூடியது அந்த ஐந்தாவதைத்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் 1964-இல் பேசிக் என்ற எளிய நிரல்மொழியையும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் உருவாக்கியது, இலக்கியமும் சமூகவியலும் படிக்கும் மாணவர்களின் கைக்கும் கணினி எட்ட வேண்டும் என்பதற்காகத்தான். எந்த நிறுவனமும் வந்து கேட்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நம் ஊர்க் காரியத்துக்கு வருகிறேன். இறுதிப் பருவத்தில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்ற தலைப்பில் புராஜெக்ட் செய்கிறார். பல நேரங்களில் அது புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது என்பது அகத் தேர்வாளருக்கும் தெரியும், புறத் தேர்வாளருக்கும் தெரியும். அதே மாணவரை உங்கள் கல்லூரி நூலகத்தின் தமிழ்ப் பட்டியலின் முன் உட்கார வைத்துப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோட் முறையில்) ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிய, இயல்பாக்கம் செய்யாத, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாத தேடல் இரண்டையும் வெவ்வேறாகக் கருதி, அலமாரியில் இருக்கும் நூலை இல்லை என்று சொல்லும். குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே வருவதால், பட்டியலை அப்படியே அடுக்கினால் 'அனல்' என்ற சொல் 'அப்பம்' என்பதற்கு முன்னால் போய் நிற்கும். நம் நெடுங்கணக்கிலோ னகரம் கடைசி மெய். சொ. விருத்தாசலம் என்ற பெயரில் பதிவான நூலும் புதுமைப்பித்தன் என்ற பெயரில் பதிவான நூலும் ஒருவருடையவையே என்பது தரவுத்தளத்துக்குத் தானாகத் தெரியாது; தமிழ்த்துறை ஆசிரியருக்குத் தெரியும். முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில் தலைப்பெழுத்து மட்டும் கொண்ட நம் மாணவி எதை எங்கே நிரப்புவது என்பதும் இதே வகைச் சிக்கல்தான். இவை ஒவ்வொன்றும் தரவுத்தளப் பாடம், நிரலாக்கப் பாடம், ஊடாட்டப் பாடம். ஒன்றைக்கூடக் கணினித் துறை தனியாக நின்று தீர்க்க முடியாது; தமிழ்த்துறையும் தனியாக நின்று தீர்க்க முடியாது.

நூலகம் ஓர் உதாரணம் மட்டுமே. மாணவர்களின் கைபேசி எண்ணும் சாதிச் சான்றிதழும் எத்தனை பேர் கைக்குப் போகின்றன என்று ஆராய 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அதைப் பாடமாக நடத்த அரசியல் அறிவியல் துறையைவிடப் பொருத்தமானவர் யார்?

துறைகள் இப்படிச் சேர்ந்து கற்பிப்பதற்குக் குறுக்கே நிற்பது பாடத்திட்டமல்ல, கால அட்டவணை. அரசு உதவி பெறும் பல கல்லூரிகளில் தமிழும் வரலாறும் காலையில் நடக்க, கணினிப் படிப்புகள் சுயநிதிப் பிரிவாகப் பிற்பகல் ஷிஃப்டில் நடக்கின்றன. காலை ஆசிரியர் கிளம்பும் நேரத்தில்தான் பிற்பகல் மாணவர் கேட்டுக்குள் நுழைகிறார். அதிலும், குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு இருப்போமா என்ற நிச்சயமில்லாமல் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் புதிய பாடம் ஒன்றை வடிவமைக்கச் சொல்வது நியாயமாகாது. கட்டண வருவாய்க்காக மட்டும் இந்தப் பட்டத்தைத் தொடங்குவதாக இருந்தால், தொடங்காமல் இருப்பதே மேல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகின்றன. எங்கள் துறையில் சேர்ந்தவருக்கு ஒரு நிரல்மொழியைக் கற்றுக்கொடுக்கச் சில மாதங்கள் போதும்; வாடிக்கையாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டதையும் கேள்வி கேட்டு வாங்கி, குழப்பமில்லாத இரண்டு பக்கத்தில் எழுதித் தருவதை அந்தச் சில மாதங்களில் கற்றுக்கொடுக்க முடிவதில்லை. குறிப்பிட்ட மென்பொருள்களுக்கான திறன் பயிற்சிகளை 2022 முதல் நடந்துவரும் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்துக்கு விட்டுவிடலாம். அவற்றைப் பட்டத்தின் முதன்மைப் பாடங்களாக ஏற்றுவது, மூன்றாண்டில் பழசாகும் பொருளுக்கு மூன்றாண்டு ஒதுக்குவதாகும். கணிதத்தையும் புள்ளியியலையும் குறைக்காதீர்கள் என்றும் வேண்டுகிறேன். கலைக் கல்லூரிப் பட்டம் என்றால் இலகுவான பட்டம் என்று எண்ணிச் சேரும் மாணவர் நான்காம் பருவத்தில் அரியர்களோடு தவிப்பார்.

ஆகவே, அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மொழி, வரலாறு, வணிகவியல் துறைத் தலைவர்களையும் சிறப்பு அழைப்பாளர்களாக உட்கார வையுங்கள். சார்புப் பாடங்களில் இரண்டையாவது கணினித் துறையும் வேறொரு துறையும் சேர்ந்து நடத்தட்டும். அதற்காக ஆசிரியர் ஒருவரின் பணி நேரம் இரண்டு ஷிஃப்டுகளிலும் கணக்கில் கொள்ளப்படட்டும். இறுதிப் பருவ புராஜெக்டை நூலகம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி அலுவலகம் என உண்மையான ஓர் இடத்துக்காகச் செய்ய வேண்டும் என்றும், அதைப் பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீட்டுக்கு அகமதிப்பீட்டில் ஒரு பங்கு உண்டு என்றும் விதி செய்யுங்கள். அப்படி ஒரு கல்லூரி முன்வந்தால், புறத் தேர்வாளராக மதிப்பூதியமின்றி வந்து உட்கார நான் தயாராக இருக்கிறேன். என் துறையில் இன்னும் சிலரையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
பாடத்திட்டக் குழுக்களில் பங்கேற்கும் ஒரு மென்பொருள் பணியாளர்