சாயந்தரம் ஏழு மணி வரை லேப் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.சி.ஏ. இறுதியாண்டு. இரண்டு வருடமாக எங்கள் கல்லூரியின் மாணவர் தொழில்நுட்பக் குழுவை நடத்தி வருகிறேன். அடுத்த மாதம் பொறுப்பை ஜூனியர்களிடம் ஒப்படைக்கிறேன். அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். வட சென்னைக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேப் சாயந்தரம் ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும்.

தொழில்நுட்பக் குழு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது விழாதான். பேனர் கட்டுவார்கள், சிறப்பு விருந்தினர் வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ். நாங்களும் இரண்டு விழா நடத்தினோம். ஆனால் எங்கள் குழு வளர்ந்தது புதன்கிழமைகளில். வகுப்பு முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உட்காருவோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். நிரல் எழுதப் பைதான், நிரலில் செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ், தமிழ்99 தட்டச்சு என்று யாருக்கு எது வேண்டுமோ அது.

போன வருடம் ஒரு புதன்கிழமை. முதலாண்டு மாணவி ஒருத்தி, கொடுங்கையூரில் இருந்து வருபவள், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். லினக்ஸில் ஒரு மென்பொருளைப் போடச் சொல்லியிருந்தோம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரை பாஸ்வேர்ட் கேட்டது. தட்டினாள், திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. நான் கவனித்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அதனால்தான் எதுவும் காட்டாது, தட்டிவிட்டு என்டர் அழுத்தும்மா என்றேன். அழுத்தினாள். வரி வரியாக ஓட ஆரம்பித்தது. "அக்கா, போகுது அக்கா" என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பெண் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டாள்.

அது முடிவதற்குள் மணி நாலே கால். லேப் பூட்டியாயிற்று. எங்களுக்கு வகுப்பு முடிவதே மூன்றே காலுக்கு. மெஷின் எழுந்து, போன வாரம் விட்ட இடத்தைத் தேடி எடுப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். லேப் அண்ணன் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் பொன்னேரி ரயிலைப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு மவுஸ் காணாமல் போனாலும் அவரைத்தான் கேட்பார்கள். கூடுதல் நேரம் கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் நாலு மேசைக்குப் போனது. மூன்று மேசையில் கையெழுத்து விழுந்தது. கடைசி மேசையில், "பொண்ணுங்க அஞ்சு மணிக்கு மேல காலேஜ்ல இருந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் தட்டிவிடவில்லை. எங்கள் வீட்டிலும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. முறை வைத்து ஓர் ஆசிரியை, வாசலில் விளக்கு, வருகிற நேரமும் போகிற நேரமும் எழுத ஒரு நோட்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மெட்ரோவும் விம்கோ நகர் வரை ஓடுகிறது. எங்கள் அம்மாக்களில் பலர் வேலை முடிந்து எட்டு மணிக்கு அதே பேருந்தில்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

வீட்டில் உட்கார்ந்து செய்யலாமே என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு. ஒரு ஹால், ஒட்டினாற்போல் சமையல் மேடை. அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கடையில் முடியாத வேலை ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும், தரையெல்லாம் செப்புக் கம்பி. தம்பி படிப்பதும் அங்கேதான், பாட்டி படுப்பதும் அங்கேதான். அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசு லேப்டாப் கிடைத்தது. நான் பிளஸ் டூ முடித்த 2023இல் எங்களுக்கு அது இல்லை. அக்காவுடையதில் விண்டோஸ் நகராது. லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு மூன்று வருடம் ஓட்டினேன். பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் செருகினால்தான் எழும். கரண்ட் போனால் செய்த வேலையும் போகும். 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். அதை விரித்து வைக்க ஒரு மேசையும், சந்தேகம் கேட்க நாலு பேரும் கூடவே வேண்டும்.

லேப் பூட்டிய பிறகு நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தோம். மூன்றாவது படி வரை வைஃபை எட்டும். வாட்ச்மேன் விசில் ஊதும் வரை ஓடும். அப்புறம் ஒரு தோழியின் குடியிருப்பு மொட்டை மாடி. நாலாவது மாடியில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேலே இழுத்துக்கொண்டு போவோம். அவள் அம்மா சுண்டல் செய்து அனுப்புவார். மழை வந்தால் லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த மாடியில் செய்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்களில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எந்தச் சந்தில் போகலாம், எந்தச் சுரங்கப்பாதை மூழ்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். 2015 வெள்ளத்தில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து, மூழ்கிய தெருக்களைக் குறித்ததைப் படித்தோம். அது 2004இல் தொடங்கிய வரைபடம். விக்கிப்பீடியா மாதிரி யாரும் சேர்க்கலாம், திருத்தலாம். எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தால், நாங்கள் தினம் நடக்கும் சில சந்துகள் அதில் இல்லவே இல்லை. இருந்த தெருக்கள் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. சரி, நாமே நடந்து போடுவோம் என்று கிளம்பினோம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையின் இரண்டு பக்கமும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைச் சுற்றியும், காசிமேட்டு உள் தெருக்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் போனுமாக நடந்தோம்.

தண்டையார்பேட்டையா, தண்டையார்ப்பேட்டையா என்று ஒரு சாயந்தரம் முழுக்கச் சண்டை. தமிழ்த் துறை மாணவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். தொண்டியில் இருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று அழைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள் என்று அவர் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். வரைபடத்தில் மாற்றுப் பெயருக்குத் தனியாக ஓர் இடம் உண்டு. ஊரில் பரவலாக எழுதுவதை முதலிலும் மற்றதை அங்கேயும் போட்டோம்.

இன்னொரு நாள் ஒரு பையன் கை தவறி ஒரு முழுத் தெருவை அழித்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் பார்த்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தெருவைத் திரும்ப வைத்துவிட்டு, இனிமேல் எப்படிச் செய்ய வேண்டும் என்று பொறுமையாக நாலு வரி எழுதியிருந்தார். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு அதில் சேர்ந்துகொண்டே வரும், அதனால் மீட்க முடிகிறது. ஜூனியர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவை அந்த நாலு வரிகள்.

குழு நடத்துவதில் நான் பட்ட பெரிய அடி வேறு. பொறுப்புக்கு வந்த முதல் மாதம், குழுவின் மெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி, படித்து முடித்துப் போய்விட்ட சீனியர் அண்ணனின் நம்பருக்குப் போனது. அவர் சிம் மாற்றிவிட்டார். பழைய நம்பர் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு வருடக் குறிப்புகள், படங்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் போயிற்று. அந்த அண்ணன் அழாத குறை. இப்போது எந்தக் கணக்கானாலும் இரண்டு பேர் கையில் இருக்கும், அதில் ஒருவர் கட்டாயம் முதலாண்டு. போதாததற்கு ஒரு காகித நோட்டும் வைத்திருக்கிறோம். மற்ற கல்லூரிக் குழுக்களும் இதையாவது இன்றைக்கே செய்துவிடுங்கள்.

வெளியே கற்றுக்கொள்ளப் போகலாம் என்றால், கூட்டங்கள் பெரும்பாலும் தெற்கே நடக்கின்றன. ஓ.எம்.ஆர்., தரமணி, கிண்டி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததால் கிண்டிக்கு ஒரே ரயிலில் போகலாம், அது பெரிய உதவி. அங்கிருந்து ஓ.எம்.ஆருக்கு இன்னொரு பேருந்து. கூட்டம் எட்டு மணிக்கு முடிந்தால் வீட்டுக்கு வந்து சேரப் பத்து. விடிய விடிய நடக்கும் ஹேக்கத்தான் என்ற நிரல் போட்டிக்கு எங்கள் பெண்களில் ஒருவரைக்கூட வீட்டில் விட்டதில்லை. எங்களை அங்கே கூப்பிடுவதைவிட இங்கே ஒரு அறையைத் திறந்து வைப்பது சுலபம்.

கல்லூரிகளிடம் கேட்பது ஏழு மணி. வாரம் ஐந்து நாளும் வேண்டாம், இரண்டு நாள் போதும். அந்த நாளில் இருக்கும் லேப் ஊழியருக்குக் கூடுதல் நேரத்துக்கு முறையாகச் சம்பளம் கொடுங்கள். இலவசமாக நிற்கச் சொல்லாதீர்கள்.

அரசிடமும் ஒன்று கேட்கிறேன். 2024 நவம்பரில் கொளத்தூரில், மாணவர்கள் படிக்கவும் மற்றவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கவும் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். வட சென்னையில் இப்படிப்பட்ட இடங்கள் வருவது எங்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் படிக்கிற இடத்தில் சத்தம் போடக் கூடாது, அது நியாயமும்கூட. எங்களைப் போன்ற குழுவுக்குப் பேச வேண்டும். ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்க்க வேண்டும், "இங்க பாரு, ஒரு புள்ளி விட்டுட்ட" என்று சொல்ல வேண்டும். இனி வரும் கட்டடங்களில் கதவு சாத்திய ஒரு சின்ன அறை, பன்னிரண்டு நாற்காலி, பிளக் பாயின்ட், மாணவர் குழு முன்பதிவு செய்ய வழி, இவ்வளவு இருந்தால் போதும்.

வட சென்னையில் படித்து இப்போது ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, மாதம் ஒரு சனிக்கிழமை வாருங்கள். உரை எதுவும் தயார் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் பாருங்கள்.

அன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்தக் கொடுங்கையூர்ப் பெண்தான் அடுத்த ஒருங்கிணைப்பாளர். நோட்டு, கணக்குகள் எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன். சாவி கிடைத்தால் எந்தக் கிழமை யார் வாங்குவது, யார் எண்ணிப் பார்த்துப் பூட்டித் திருப்பிக் கொடுப்பது என்று பெயர்ப் பட்டியலும் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாள். கல்லூரி கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுவோம்.

இறுதித் தேர்வு இன்னும் முடியாததால் என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81