ரயிலை வாங்குவோம், ஊரை நாமே கட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேசை மேல் குட்டி ரயில் ஓடவிடுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க எஞ்சின் என்ன விலை, பெட்டி என்ன விலை, எங்கிருந்து வரவழைக்கலாம் என்றே போய்விட்டது. அந்த ரயில் எந்த ஊருக்குள் ஓடுகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தில் இருந்த எல்லா மேசையிலும் ஒரே மாதிரி ஊர்தான்: செங்குத்தான கூரை, மரச்சட்டம் தெரியும் சுவர், ஊசிக் கோபுரத்தோடு ஒரு சர்ச். ஜெர்மனியில் ஃபாலர் போன்ற கம்பெனிகள் பெட்டியில் போட்டு விற்கும் வீடுகள் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அது அவர்கள் ஊர். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ரயிலை விலைக்கு வாங்குங்கள், வேறு வழியில்லை, அந்தச் சின்ன மோட்டாரையும் சக்கரத்தையும் வீட்டில் செய்வது எல்லோராலும் ஆகாது. ஊரை மட்டும் விலைக்கு வாங்காதீர்கள். அதிலும் நீலகிரியில் இருந்துகொண்டு, ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை ரயில் கூவிக்கொண்டு போகும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பவேரியா கிராமத்தை ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற குட்டி ரயில் காட்சிக்கூடத்தைப் பற்றிக் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பெருமைப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே அவர்கள் தங்கள் ஹம்பர்க்கையே ஒரு பகுதியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் அவர்கள் ஊரைக் கட்டுகிறார்கள், நாமும் அவர்கள் ஊரையே கட்டுகிறோம். அப்புறம் நம் ஊரை யார் கட்டுவது?

அளவு விஷயத்தை முதலில் பார்ப்போம். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், அதை 87ஆல் வகுத்தால் அரை கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே வரும். உயரம் அதைவிட மோசம்: மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், ஊட்டி சுமார் 2,200 மீட்டர், வித்தியாசத்தை வகுத்தால் 21 மீட்டருக்கு மேல், ஏழு மாடிக் கட்டடம் அளவுக்கு மேசை கட்ட வேண்டியிருக்கும். ஆகவே முழுப் பாதையையும் செய்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நன்றாகச் செய்யுங்கள்.

எந்த ஊர் என்று கேட்டால் யோசிக்காமல் குன்னூர் என்பேன். காரணம் இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் தொடங்கும் பல்சட்டம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும் சட்டம், குன்னூரில் முடிந்துவிடுகிறது. நீராவி எஞ்சின் இங்கே கழன்றுகொள்ளும், டீசல் எஞ்சின் வந்து மாட்டும், எஞ்சின் ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டிக்குக் கிளம்பும் வண்டி முதலில் கொஞ்ச தூரம் பின்னால் வந்து, பிறகுதான் மேலேறும் பாதையைப் பிடிக்கும். எட்டடிக்கு மூன்றடிப் பலகைக்குள் இவ்வளவு வேலை கிடைக்கிற ஸ்டேஷன் வேறு எங்கே இருக்கிறது? ரயில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து ஒரு வாரத்தில் சலித்துப்போகிறது என்று உங்கள் கட்டுரையில் ஒருவர் சொல்லியிருந்தார். குன்னூரைக் கட்டியிருந்தால் சலிக்காது. அதோடு ஊரே படிப்படியாகத்தான் இருக்கிறது: பள்ளத்தில் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும், மேலே பெட்ஃபோர்டு, அதற்கும் மேலே சிம்ஸ் பூங்கா. மேசையில் பின்பக்கம் உயர்ந்துகொண்டே போகும் ஊர் பார்வைக்கு எவ்வளவு வசதி என்பது, தட்டையான மேசையில் நகரம் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசைக் கட்டடம் பின்வரிசையை மறைத்துவிடும் தொல்லை இங்கே இல்லை.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பல்சட்டப் பாதையில் மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளும். பெட்டிகளின் முன்மேடையில் கொடியோடு பிரேக்மேன் நிற்பார். அவரைச் செய்யாமல் விட்டால் அது நீலகிரி ரயிலே இல்லை. ஆள் உயரம் 1:87இல் சுமார் 19 மில்லிமீட்டர் வரும், மெல்லிய செம்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, மேலே எம்சீல் பூசி, காய்வதற்குள் ஊசி முனையால் சட்டை மடிப்பைக் கீறலாம். பெட்டிகளைத் தள்ளும்போது வளைவில் தடம் புரண்டால் பெட்டியின் அடியில் கொஞ்சம் ஈயத் துண்டு ஒட்டுங்கள், சரியாகிவிடும்.

இனி மரம். நான் பார்த்த குட்டி ரயில் மேசை எல்லாவற்றிலும் கண்ணை உறுத்துவது இதுதான். நம் மலையில் 40 மீட்டர் வளர்ந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சாதாரணம், கணக்குப் போட்டால் மேசையில் அது ஒன்றரை அடி. ஆனால் எல்லோரும் விரல் நீளத்துக்கு மரம் நட்டுவிட்டு அதன் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் வைக்கிறார்கள். கட்டடம் மரத்தை முழுங்கிவிடுகிறது, மலை என்ற உணர்வே போய்விடுகிறது. தென்னை ஈர்க்கு எடுங்கள். அடியில் தடித்து நுனியில் மெலிந்து, நேராக, தேவையான நீளத்துக்குக் கிடைக்கும். சாம்பல் கலந்த வெள்ளை பூசி, அங்கங்கே பழுப்பு நிறத்தில் மெல்லிய காகிதக் கீற்றைத் தொங்கவிட்டால் பட்டை உரிந்த கற்பூர மரம் ரெடி. இலை மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருக்கட்டும். அந்த மரங்களை ஒரு தோப்பாக நட்டு அதன் கீழே ரயிலை விட்டுப் பாருங்கள், ரயில் எவ்வளவு சின்னது, மலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும்.

தேயிலைச் சரிவுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரே போதும். அரை அங்குல அகலத்தில் கீற்றாக வெட்டி, மேல் ஓரத்தைக் கத்தரியால் உருட்டிவிட்டு, சரிவின் வளைவை ஒட்டியே வரிசையாக ஒட்ட வேண்டும், மேலிருந்து கீழே நேர்க்கோடு போடக் கூடாது. பக்கவாட்டில் கரும்பழுப்பு, மேலே மட்டும் இளம்பச்சை. கொழுந்து மேலே இருக்கிறது, கட்டை கீழே இருக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். வரிசைக்கு நடுவே மண் தெரிய, வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தூவுங்கள்.

கூரைக்கு வருவோம். நம் ஊரில் ஓட்டுக்கு அடுத்தபடி தகர ஷீட்தான். அட்டைப்பெட்டியை உரித்தால் உள்ளே அலை அலையாக வருமே, அதைத்தான் நிறையப் பேர் ஒட்டுகிறார்கள். அந்த அலை மிகப் பெரியது. நிஜத் தகரத்தில் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் மூன்று அங்குலம், அது 87இல் ஒரு பங்கானால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேன் சீப்பை எடுத்து, அதன் பற்கள் மேல் சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, பல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் மழுங்கிய ஊசியால் அழுத்தி இழுத்தால் அளவு அப்படியே வந்து விழும். பல்லின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அது ஏறக்குறைய ஒரு ஆறடி ஷீட்டுக்குச் சமம். ஒவ்வொரு ஷீட்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டி, காவி பெயின்ட் அடித்து, ஆணி இருக்கும் இடத்தில் மட்டும் துரு நிறத்தைத் தொட்டு வையுங்கள். இதில் செலவழியும் நேரம் வீண் இல்லை. நம் ஊரை மேலிருந்துதானே பார்க்கிறோம், கூரைதான் முதலில் கண்ணில் படும்.

கட்டடங்களில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சர்ச், பங்களா, கிளப் என்று ஆங்கிலேயர் கட்டியதை மட்டும் வரிசையாக வைத்துவிட்டு ‘பழைய நீலகிரி’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? லைன் வீடு இல்லாத தேயிலைத் தோட்டம் உண்டா? ஒரே கூரையின் கீழே வரிசையாக அறைகள், முன்னால் குறுகிய திண்ணை, ஓரத்தில் விறகு அடுக்கு, கொடியில் துணி. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே உருவாயின. அவர்கள் இல்லாமல் இன்றைய கோத்தகிரியும் இல்லை, கூடலூரும் இல்லை. அதேபோல் கேத்திப் பள்ளத்தாக்கைச் செய்கிறவர்கள் படுகர் ஹட்டியை, அதாவது படுகர் கிராமத்தை, செய்யட்டும், வரிசை வீடுகள், நடுவில் திறந்த வெளி, சுற்றிப் படிக்கட்டு மாதிரி கேரட் பாத்தி. அரவங்காடு என்றால் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் மாறும் நேரக் கூட்டம். பெரிய தேயிலை ஃபேக்டரி ஒன்று அவசியம், கொழுந்து வாட்டும் மாடிகளில் வரிசையாக ஜன்னல் வைத்து. வர்க்கி விற்கும் பேக்கரியும், ஜீப் ஸ்டாண்டும், கம்பளிக் கடையும் இல்லாமல் மார்க்கெட் எப்படி மார்க்கெட் ஆகும்?

நம் ஈரத்தைப் பற்றி எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாது, ஆகவே நான் சொல்கிறேன். சமவெளியில் வெயிலுக்குத் தண்டவாளம் நீளும் என்று பயப்படுவார்கள். இங்கே தண்டவாளம் இருந்த இடத்தில் இருக்கும், அடியில் உள்ள பிளைவுட் ஊதும். ஜூனில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை, இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. பிளைவுட்டின் இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும், வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் தண்டவாளம் பதிக்க வேண்டும், இணைப்புகளில் நூல் அளவு இடைவெளி விட வேண்டும். மைதா பசை உபயோகித்தால் ஒரே மழைக்காலத்தில் ஊர் முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் கலப்பார்கள், பூச்சியும் வராது, பூஞ்சணமும் வராது. அது விஷம், குழந்தைகள் கைபடாமல் பெரியவர்கள் கலக்கட்டும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஓரடி தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இந்தக் கடிதமே அதற்காகத்தான். மே மாத சீசனில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கின்றன. பூவிலும் பழத்திலும் பெரிய பெரிய உருவங்கள் செய்து வைக்கிறார்கள். அதோடு ஒரு கூடாரத்தில் நம் மலைப் பாதையையும் வைக்கலாம். தனி ஒருவர் செய்ய வேண்டாம். ரயில் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளி தன் ஊரைத் தானே செய்யட்டும். வெளிநாட்டு மாடல் ரயில் சங்கங்கள் இப்படித் துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து ஒன்றாக மாட்டுவது பல காலமாக நடக்கிறது. புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தை 1998இலிருந்து மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பாதை நம்முடையது, நமக்கு ஒரு மேசை கூட இல்லை.

விதி எளிமையாக இருக்கட்டும். பலகை நான்கடிக்கு இரண்டடி. இரு முனையிலும் தண்டவாளம் சரியாக நடுவில். பாதிப் பலகை சமம், அங்கே ஸ்டேஷன், மீதிப் பாதியில் ஓர் அங்குல ஏற்றம், அது 24க்கு 1, சாதாரண எஞ்சின் மூன்று பெட்டியோடு ஏறிவிடும். மேட்டுப்பாளையம் தரையிலிருந்து இரண்டரை அடியில் தொடங்கினால் பன்னிரண்டு பலகை சேர்த்தால் ஊட்டி மூன்றரை அடிக்கு வந்துவிடும். ஓரடிதானா மலை என்று கேட்காதீர்கள், தண்டவாளத்துக்கு மேலேயும் கீழேயும் சரிவை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம், அது அந்தந்த ஊர்ப் பிள்ளைகளின் விருப்பம். கூடாரத்துக்குத் தோட்டக்கலைத் துறை மனம் வைக்க வேண்டும், பழைய ஸ்டேஷன் வரைபடங்களின் நகலுக்கு ரயில்வே மனம் வைக்க வேண்டும். வேறு பெரிய செலவு எதுவும் இல்லை.

குன்னூர் பலகைக்கு நான் பொறுப்பு. ஹில்குரோவ், ரன்னிமேடு, கேத்தி, லவ்டேல் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது முன்வந்தால் உங்கள் பத்திரிகை மூலமாகவே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.