24 மணி நேரக் கணக்கு மலைத்தடத்துக்குப் பொருந்தாது

ஆசிரியருக்கு,

ஐயா, மழை நின்று ஒரு நாள் கழிந்தால் மலைச் சைக்கிளை எடுத்துவிடலாம் என்று ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஒரே மழை பெய்தாலும் சரளை மேட்டில் மறுநாள் மதியமே புழுதி கிளம்பும். ஏரி உள்வாயை ஒட்டிய களித்தடம் நாலாம் நாளும் டயரைப் பிடித்து இழுக்கும். பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, மண்ணை.

தடத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்குங்கள். நாடாவே வராவிட்டால் மணல். 2.5 சென்டிமீட்டர் எட்டுமுன் அறுந்தால் பசளை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். 5 சென்டிமீட்டர் தாண்டியும் தொங்கினால் களி. மணலில் இடைவெளி பெரிது, நீர் தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும். களியின் நுண்துளைகள் நீரை விடாது. பெரும்பாலும் வெயிலும் காற்றும்தான் அதை எடுக்க வேண்டும். அதனால்தான் களியில் மேலே காய்ந்த ஏடு, அடியில் சேறு. கண்ணை நம்பாமல் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள்.

நம் செம்மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் மேல்மண் மணல் பாங்கு, ஓரடி தோண்டினால் களி கூடும். டயரும் மாட்டுக் குளம்பும் மழைநீரும் மேல்மண்ணை அரித்துவிட்டால் அந்தக் களியே தடமாகிறது. முன்பு ஒரே நாளில் காய்ந்த பாதை இப்போது மூன்று நாள் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எனவே அடிமண்ணையும் ஒருமுறை நாடா பிதுக்கிப் பார்த்துவிடுங்கள்.

மேட்டு முதுகு முதலில் காயும், சரிவின் அடிவாரம் கடைசியில் காயும். மேலே பெய்தது மண்ணுக்குள் ஊர்ந்து நாள் கணக்கில் அங்கே கசிந்துகொண்டிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொட்டைப் பாறைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாறை அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் அது ஒரு சொட்டும் குடிப்பதில்லை. அதன்மேல் விழுந்த அத்தனையும் அடியில் இருக்கும் பத்தடி மண்ணுக்குப் போகிறது. பாறையில் வேகமாக வந்து அந்த மண்ணில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பள்ளம் விழுவதும் அங்கேதான்.

மாதமும் முக்கியம். ஆடியில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். எந்தச் சரிவும் விரைவில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. நவம்பர் நடுவில் உச்சிவேளையிலும், 30 பாகை சரிந்த வடபுறச் சரிவுக்குக் கிடைக்கும் நேர்வெயில் அதே அளவு சரிந்த தென்புறத்துக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அடைமழைக் காலத்து மேகமூட்டம் அதையும் மறைக்கும்.

மர நிழலில் மழை விட்டும் தூவானம் விடாது. புளி, மா போன்ற அடர்ந்த மரங்கள் சிறு தூறலைத் தாங்கிக்கொள்ளும். பெருமழையென்றால் நின்றபின்னும் நெடுநேரம் சொட்டும், வெயிலையும் காற்றையும் தடுக்கும். அதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை. வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன, அடிநீரையும் உறிஞ்சுகின்றன. தடத்தின் இருபுறமும் ஒரு மீட்டர் அளவுக்கு உண்ணிச்செடியை அகற்றினாலே தரையோரம் காற்று புகும். (காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதியின்றிச் சைக்கிளும் கூடாது, அரிவாளும் கூடாது.)

பராமரிப்பில் தலையாயது வெளிச்சரிவு. 60 சென்டிமீட்டர் அகலத் தடத்தில் பள்ளத்துப் பக்க விளிம்பு 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். டயர் நடுவை அழுத்தி அழுத்தி, ஒதுங்கிய மண் ஓரத்தில் வரப்பாகிவிட்டால் நீர் வெளியேற வழியின்றித் தடத்திலேயே ஓடும். அந்த வரப்பை வெட்டி எடுங்கள். இறக்கத்தில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை தடம் சற்றே ஏறி இறங்கினால், ஒவ்வொரு தாழ்விலும் நீர் வெளியேறிவிடும். அந்த வாய்களைச் சருகு அடைக்கும். பருவத்துக்கு முன்பு புரட்டாசியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை தள்ளிவிட வேண்டும்.

தடத்தில் நீர் தேங்கிய குட்டையில் தளர்ந்த மண்ணைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு, அது இன்னும் கூழாகும். மண்வெட்டி அகலத்துக்குப் பள்ளத்துப் பக்கம் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபின் சரளை போட்டு இடிக்க வேண்டும். குட்டையைச் சுற்றி ஓரமாக ஓட்டினால் தடம் ஆண்டுதோறும் அகலும். இறங்கி நடுவிலேயே தள்ளிச் செல்வது மேல்.

உழவர்கள் சொல்லும் 'பதம்' இங்கும் உதவும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவிலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். அப்பமாக அமுங்கினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். டயர்த்தடம் 2 சென்டிமீட்டருக்கு மேல் பதிந்தால் திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளங்களில்தான் பால்கேன் கட்டிய வண்டிகளும் போகின்றன. ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை மண் பதமாக இருக்கும்போதே கொத்தி நிரவி, காலால் மிதித்து இறுக்குங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் கடப்பாறை தேவைப்படும்.

இப்படிக்கு,
மலைத்தடப் பராமரிப்பில் ஈடுபடும் வாசகர்கள்,
ஓசூர்.