படக்கதையில சந்த அடைச்சுப்போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

ஞாயித்துக்கெழமை சிறுவர் இணைப்புல வர்ற படக்கதைய நானும் பேத்தியும் ஒண்ணா உக்காந்துதான் படிக்கறதுங்க. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு கட்டத்துல பையன் கெணத்து மேட்டுல சட்டையக் கழட்டிட்டு நிக்கறான், அடுத்த கட்டத்துல சட்டை மட்டும் கல்லு மேல கெடக்குது, தண்ணியில வட்ட வட்டமா அலை. குதிக்கறத வரையவே இல்லீங்க, ஆனா இவ "தொபுக்கடீர்"னு கத்துறா.

இந்த வாரம் பாத்தா கட்டத்துக்கு நடுவுல இருந்த வெள்ளை எடத்தையே காணோம். கீழ ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், அதுக்கு எடம் பண்ண எல்லாத்தையும் ஒட்டிப்போட்டாங்களாட்டருக்குது. ராத்திரி பஸ் ஏறுற பையனும் விடியால ஊருல எறங்கற அதே பையனும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. "ஏனுங்க அப்புச்சி, இவங்க ரெட்டைப் பசங்களா?"ங்கறா!

கட்டத்துக்கு நடுவுல வர்ற அந்த வெள்ளைச் சந்துக்கு இங்கிலீசுல கட்டர்னு (gutter) பேருங்க, சாக்கடைன்னு நெனச்சுராதீங்க. ஸ்காட் மெக்லவுட்னு ஒரு அமெரிக்காக்காரரு 1993லயே காமிக்ஸப் பத்தி காமிக்ஸாவே ஒரு பொஸ்தகம் போட்டு, ரெண்டு படத்துக்கு நடுவுல நடக்கறத படிக்கறவனே மனசுல ஓட்டிக்கறான்னு வெளக்கியிருப்பாரு. நமக்கு இது அதுக்கு முந்தியே பழக்கந்தானுங்க, 1972ல முத்து காமிக்ஸ் மொத பொஸ்தகமா வந்த இரும்புக்கை மாயாவிக்கு கரண்ட் பாஞ்சா ஆளே மறஞ்சு கை மட்டுந்தான தெரியும், மிச்ச ஒடம்ப யாரு வரைஞ்சா, நாமதான. அப்பறம் பழைய நெனப்புல போற கதையின்னா சில பேரு அந்தச் சந்து முழுக்க கருப்படிச்சு விட்டுருவாங்க, ஒரு வார்த்தை எழுதாமயே புரிஞ்சு போகும். அத்தன வேலை செய்யற எடமுங்க அது.

நானும் ஈரோட்டுல ஒரு பிரஸ்ல லேஅவுட் பண்ற ஆளுதான், கடைசி நேரத்துல விளம்பரம் வந்தா என்ன பாடுன்னு நல்லாவே தெரியும். அமெரிக்காவுல ஞாயிறு பேப்பருக்கு வரையறவங்க எடம் பத்தலீன்னா மேல் வரிசையத் தூக்கிப்போட்டாலும் கதை நிக்கறாப்புல வரைஞ்சே குடுப்பாங்களாமா. நம்ம ஓவியருகிட்டயும் முன்னாடியே அளவு சொல்லிப்போடலாம், இல்லீன்னா பக்கத்த மொத்தமா சித்த சின்னதாக்கிக்கலாம், சந்தும் சேந்து சுருங்கட்டும். அத மட்டும் வழிச்சு எடுத்துப்போடாதீங்க.

முடிஞ்சா அந்த பஸ் பக்கத்த மறுக்கா ஒருவாட்டி போடுங்க. ரெட்டைப் பசங்க இல்லீன்னு நாஞ்சொன்னா இவ நம்ப மாட்டீங்கறா.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
பவானி