வங்கி வெளி மாநிலத்தில் இருந்தால் என்ன, வழக்கு உங்கள் ஊரிலேயே போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தமிழர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, விசா, கிரீன் கார்டு, வேலை நீக்கம் என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இங்கே நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் கட்டாயம் காதில் விழுகிற ஒரு விஷயத்தைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. வங்கி ஏதோ தவறு செய்து இரண்டாயிரம், நாலாயிரம் டாலர் மாட்டிக்கொண்டால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கொஞ்ச நாள் போன் போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து முதலிலிருந்து கதையைக் கேட்கிறார், மேலதிகாரி கூப்பிடுவார் என்கிறார், யாரும் கூப்பிடுவதில்லை, அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், அவ்வளவு பெரிய பேங்க், தலைமை அலுவலகம் எங்கேயோ சவுத் டகோட்டாவில் இருக்கிறது, எச்1பி விசாவில் இருக்கிற நாம் போய் கேஸ் போட முடியுமா என்கிறார்கள்.

முடியும். நான் போட்டேன், பணம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் விஷயம் சின்னதுதான். வேறொரு மாநிலத்தில் தலைமையகம் உள்ள ஒரு பெரிய வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தேன். அவர்களே ஒரு நாள் கணக்கை மூடினார்கள், காரணம் சொல்லவில்லை. மீதிப் பணத்துக்குக் காசோலையை நான் எப்போதோ காலி செய்த பழைய முகவரிக்கு அனுப்பினார்கள், புதிய முகவரி அவர்களிடம் பதிவாகியிருந்தும். அந்தக் காசோலையை யாரும் காசாக்கவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சரி, இன்னொன்று அனுப்புங்கள் என்றால், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் மாதக்கணக்கில். என் சம்பளப் பணம் அது. யாரிடமும் கடன் கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை.

இங்கே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று ஒன்று உண்டு. நம் ஊர் வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் நுகர்வோர் வழக்கு மட்டும் என்றில்லை, வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டாலும் இங்கேதான் போவார்கள். 1913-இல் கிளீவ்லாந்து நகரத்தில் தொடங்கிய யோசனை இது. சின்னத் தொகைக்கு வக்கீல் வைத்தால் வக்கீல் ஃபீஸே தொகையைத் தின்றுவிடும் என்பதால், வக்கீல் இல்லாமல் நேராக நீதிபதி முன்னால் நின்று பேசும் ஏற்பாடு. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், கட்டணம் தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர், ஜெயித்தால் அதையும் எதிர்த்தரப்பிடமிருந்தே கேட்டு வாங்கலாம். எஸ்.சி-100 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் வழக்கு பதிவாகிவிடும். விசாரணையில் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து வாதாட முடியாது. இந்த விதி கோடிகளில் புரளும் வங்கிக்கும் சேர்த்துத்தான்! அவர்கள் சார்பில் ஓர் ஊழியரோ அதிகாரியோ வரவேண்டும்.

வெளி மாநில வங்கி என்பதுதான் நம் ஆட்களை மிரட்டுகிறது, எனவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வங்கிகள் ஏன் சவுத் டகோட்டாவிலும் டெலவேரிலும் போய் உட்கார்ந்திருக்கின்றன? 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மார்க்கெட் (Marquette) நேஷனல் பேங்க் வழக்கில், ஒரு தேசிய வங்கி, அதாவது மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கி, தன் சொந்த மாநிலம் அனுமதிக்கும் வட்டியை நாடு முழுக்க உள்ள வாடிக்கையாளர்களிடம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. உடனே வட்டிக்கு உச்சவரம்பு இல்லாத மாநிலம் எது என்று தேட ஆரம்பித்தார்கள். சிட்டிபேங்க் தன் கிரெடிட் கார்டு தொழிலை நியூயார்க்கிலிருந்து சவுத் டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனது, டெலவேர் 1981-இல் தனிச் சட்டமே போட்டு மற்ற வங்கிகளை வரவேற்றது. ஆக, அந்த முகவரி வட்டிக் கணக்குக்காகத் தேர்ந்தெடுத்தது. கணக்கு ஒப்பந்தத்தில் "டெலவேர் மாநிலச் சட்டம் பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு டெலவேருக்கு டிக்கெட் போட வேண்டுமோ என்று நினைத்துவிடுகிறோம். எந்தச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது என்பதுதான் அந்த வரி. எந்த ஊர் கோர்ட் என்பது வேறு கேள்வி.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும், இதில் சறுக்கித்தான் பல வழக்குகள் வாதம் தொடங்கும் முன்பே விழுகின்றன. முதலாவது பெயர். கார்டில் அச்சடித்திருக்கும் பெயரில் வழக்குப் போட்டால் போதாது. பங்குச் சந்தையில் இருக்கும் தாய் நிறுவனம் வேறு, உங்கள் பணத்தை வைத்திருக்கும் வங்கி வேறு. தேசிய வங்கியாக இருந்தால் சட்டப்பூர்வப் பெயரின் கடைசியில் பெரும்பாலும் "நேஷனல் அசோசியேஷன்" அல்லது "என்.ஏ." என்று வரும். வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யின் இணையதளத்தில் பேங்க்ஃபைண்ட் என்ற தேடல் இருக்கிறது, அதில் சரியான பெயரும் தலைமையக முகவரியும் கிடைக்கும், அந்தப் பெயரை ஓர் எழுத்து மாறாமல் எடுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, சம்மன் சார்பு செய்வது, அதாவது சம்மனை எதிர்த்தரப்பிடம் முறைப்படி கொண்டுசேர்ப்பது. கலிஃபோர்னியா ஸ்மால் கிளெய்ம்ஸில், சில விதிவிலக்குகள் தவிர, பிரதிவாதிக்கு மாநிலத்துக்கு உள்ளேயே சம்மன் கொடுத்தாக வேண்டும். தலைமையகத்துக்குத் தபாலில் அனுப்பினேன் என்றால் நீதிபதி ஏற்கமாட்டார். இங்கே தொழில் செய்யும் பெரிய நிறுவனங்கள் சம்மன் வாங்குவதற்கென்றே மாநிலத்துக்குள் ஓர் ஏஜென்டை வைத்திருப்பார்கள், அந்த விவரம் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். வாதி தன் கையால் சம்மனைக் கொடுக்கக் கூடாது, வழக்கில் சம்பந்தமில்லாத 18 வயது நிரம்பிய யாரும் கொடுக்கலாம். எனக்கு ஒரு தோழி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏஜென்ட் நம் கவுண்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தால் விசாரணைக்கு 15 நாள் முன்னதாக, வெளிக் கவுண்டி என்றால் 20 நாள் முன்னதாகக் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நடுவர் மன்ற ஒப்பந்தம், அதாவது ஆர்பிட்ரேஷன், அதில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பத்தியை முழுக்கப் படியுங்கள். பெரும்பாலும் அதிலேயே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு விலக்கு இருக்கும். வங்கி வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு, இழுத்துவிடுமா என்பது அடுத்த பயம். வேறு மாநிலம் என்பதை மட்டும் காரணம் காட்டி மாற்ற வேண்டுமானால் தொகை 75,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், ஸ்மால் கிளெய்ம்ஸ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஃபெடரல் சட்டம் எதையாவது வைத்து வழக்குப் போட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். என் பணம் உங்களிடம் இருக்கிறது, ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுங்கள் என்று நான் அவ்வளவுதான் எழுதினேன்.

வழக்குக்கு முன்னால் பணத்தைக் கேட்டீர்களா என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. அதனால் தொகை, தேதி, கெடு எல்லாம் போட்டு ஒரு கடிதம் அத்தாட்சித் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் இருக்கிறார், ஒரு பைசா வாங்காமல் படிவத்தைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறார். இப்படி ஒருவர் இருப்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு விசாரணை வரை போகவில்லை. சம்மன் ஏஜென்ட் கையில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் வங்கியின் சட்டப் பிரிவிலிருந்து போன். அதுவரை யாராலும் தேட முடியாத கோப்பு அவர் மேஜையில் இருந்தது. முழுத் தொகையும், நான் கட்டிய கோர்ட் கட்டணமும் சேர்த்து அனுப்பினார்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகே வழக்கைத் திரும்பப் பெற்றேன். அவர்கள் பக்கம் யோசித்தால் காரணம் புரியும். ஓர் ஊழியரைப் பிடித்து, கோப்பைப் படிக்கவைத்து, விசாரணைக்கு நிறுத்துவதை விடக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது மலிவு. இதை முதல் மாதமே செய்திருக்கலாம் என்பதுதான் என் கோபம். நாம் விட்டுவிடுவோம் என்று தெரிந்தே இழுத்தடிக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டவர் தோற்றால் அவருக்கு மேல்முறையீடு கிடையாது. பிரதிவாதி தோற்றால் 30 நாளுக்குள் மேலே போகலாம், அங்கே முதலிலிருந்து விசாரணை, அங்கே வக்கீலும் வரலாம். 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டாரன்ஸ் என்ற ஊரில் ஒரு பெண்மணி, ஹோண்டா ஹைப்ரிட் கார் சொன்ன மைலேஜ் தரவில்லை என்று இதே கோர்ட்டில் 9,867 டாலர் ஜெயித்தார், பெரிய செய்தியானது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. அப்புறம், மோசடிக்காரன் பேச்சை நம்பித் தானே பணம் அனுப்பிவிட்டு வங்கியின் மேல் வழக்குப் போடுவது கடினம். அனுமதி இல்லாமல் வேறு யாரோ கணக்கிலிருந்து எடுத்திருந்தால் கதை வேறு, அதற்கு ஃபெடரல் விதியே இருக்கிறது, வங்கி கணக்கு அறிக்கையை அனுப்பிய 60 நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பு வந்தும் வங்கி பணம் கொடுக்காவிட்டால்? தீர்ப்புத் தொகைக்கு இங்கே பொதுவாக வருடம் 10 சதவீத வட்டி ஓடும், ஷெரிஃப் (கவுண்டி காவல் அதிகாரி) மூலம் ஜப்தி செய்யவும் வழி இருக்கிறது. 2011-இல் ஃப்ளோரிடாவில் நேப்பிள்ஸ் என்ற ஊரில், கடனே இல்லாத வீட்டை ஜப்தி செய்ய வழக்குப் போட்ட பேங்க் ஆஃப் அமெரிக்கா, கோர்ட் கொடுக்கச் சொன்ன வக்கீல் செலவை அந்தத் தம்பதிக்குக் கொடுக்காமல் இருந்தது. அவர்களுடைய வக்கீல் ஷெரிஃப் ஆட்களோடும் லாரியோடும் வங்கிக் கிளைக்கே போய், மேஜை நாற்காலியைத் தூக்கப் போகிறோம் என்றார். கொஞ்ச நேரத்தில் காசோலை வந்தது. அது ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்கு இல்லை, ஆனாலும் தீர்ப்புக்கு என்ன பலம் என்பதற்காகச் சொல்கிறேன்.

விசா பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் படி ஏறினாலே குற்றவாளி மாதிரி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. இது சிவில் வழக்கு, அதிலும் நீங்கள் வாதி. நீங்கள் குடிமகனா, என்ன விசா என்று எஸ்.சி-100 படிவம் கேட்பதே இல்லை. ஊர் திரும்பிவிட்டவர்களும் இங்கே விட்டு வந்த கணக்கை மறந்துவிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் மூன்று வருடம் எந்தத் தொடர்பும் இல்லாத கணக்குப் பணம் மாநிலக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கே விண்ணப்பித்தால் உரியவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. இந்த வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 20,000 டாலர் வரை போகலாம், நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூஜெர்சியில் ஸ்மால் கிளெய்ம்ஸ் 5,000 டாலரோடு நிற்கும், அதற்கு மேல் 20,000 வரை ஸ்பெஷல் சிவில் பார்ட் என்ற பிரிவு. தமிழர்கள் அதிகம் உள்ள மாநிலங்களுக்காவது இந்த விவரங்களை, விவரம் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டு வாங்கி, ஞாயிறு இணைப்பில் ஒரு முறை போடுங்கள். கூடவே இதையும் சேர்த்துப் போடுங்கள்: கலிஃபோர்னியாவில் ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ஐ.என்.டி-300 (INT-300) என்ற படிவத்தைக் கொடுத்து மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதலாம். மகன் வீட்டில், மகள் வீட்டில் தங்கி, தங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கும் அப்பா அம்மாக்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சன்னிவேல், கலிஃபோர்னியா